பாதை நிலவரம்: ஈரம்

காய்கறி நிலவரம் தெரியும், வானிலை நிலவரம் தெரியும், ஓட்டு எண்ணுகிற அன்றைக்குத் தொகுதி நிலவரம் தெரியும். பாதைக்கும் நிலவரம் என்று ஒன்று உண்டு என்பது எனக்குப் போன ஐப்பசியில்தான் தெரிந்தது. அதையும் யாரும் சொல்லவில்லை. திண்டிவனத்தில் நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையில், கூட்டம் இல்லாத ஒரு மத்தியானம், கம்ப்யூட்டரில் நானே தேடிக் கண்டுபிடித்தேன். எங்கள் ஊர் மலையின் படம் போட்டு, அதற்குக் கீழே சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது: "பாதை நிலவரம்: ஈரம். மலையேற்றம் செய்வோருக்கும் சைக்கிள் ஓட்டுவோருக்கும் பருவமழைக் காலம் முடியும்வரை அனுமதி இல்லை."

கடைக்கு வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. ஒன்பது நாளாகச் சொட்டு மழை கிடையாது. அன்று காலை வேலைக்கு வந்தபோது என் செருப்பில் ஒட்டியிருந்தது வெறும் புழுதி. ஆனால் கம்ப்யூட்டரில் எங்கள் பாதை ஈரமாகவே இருந்தது. அதற்கும் கீழே இன்னொரு வரி: "ஆர்வலர்கள் தங்கள் பயணத்தை வேறு வாரத்துக்குத் திட்டமிடுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

அதைப் படித்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தில் மவுஸைத் தட்டிவிட்டேன். கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிற என் பெண்ணுக்குக் கார்த்திகையில் செமஸ்டர் பரீட்சை. அதை எந்த வாரத்துக்குத் திட்டமிடுவது?

எங்கள் ஊர் மலைக்குப் பின்னால் இருக்கிறது. பின்னால் என்பது பஸ் போகிற பக்கத்தை முன்னால் என்று வைத்துக்கொண்டவர்களின் பேச்சு. எங்களுக்கு நாங்கள் இருக்கிற பக்கம்தான் முன்னால். ஆனாலும் பஸ் அந்தப் பக்கம்தான் வருகிறது என்பதால் நாங்களும் வாய் தவறி அப்படியே சொல்லப் பழகிவிட்டோம். மலை என்றால் பெருமுக்கல் மாதிரி கோயிலும் பேரும் உள்ள மலை இல்லை. பாறையும் முள்ளுமாக ஒரு மேடு, அவ்வளவுதான். ஏறி இறங்க இருபது நிமிஷம். இறங்கினால் மரக்காணம் ரோடு, அங்கே எட்டேகாலுக்குத் திண்டிவனம் பஸ்.

மலையைச் சுற்றிக்கொண்டும் போகலாம். தார் ரோட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டும். நடுவில் ஓடையைத் தாண்ட ஒரு தரைப்பாலம் இருக்கிறது. மழை வந்தால் பாலம் தண்ணீருக்குக் கீழே போய்விடும். என் வீட்டுக்காரரிடம் ஒரு பழைய வண்டி உண்டு. காலையில் அது பால் கேனோடு வேறு திசையில் போய்விடும். ஆகவே என் மாமியார் காலத்துக்கும் முன்னாலிருந்து எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாரும் மலை வழியாகத்தான் போய் வந்துகொண்டிருந்தோம். அதை நாங்கள் "குறுக்கால போறது" என்போம். இந்தச் சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இதில்தான் என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

சனி ஞாயிறுகளில் சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் ஆட்கள் வர ஆரம்பித்து நாலைந்து வருஷம் இருக்கும். முதுகில் பையும் கையில் கோலுமாக நடந்து ஏறுகிறவர்கள் ஒரு வகை. தடித்த சக்கரம் வைத்த சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறி, மேலேயிருந்து ஓட்டிக்கொண்டு இறங்குகிறவர்கள் இன்னொரு வகை. எனக்கு அவர்கள் மேல் ஒன்றும் கோபம் இல்லை. சிரித்துப் பேசுவார்கள், தண்ணீர் கேட்பார்கள், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையை வேகவைத்துக் கொடுத்தால் காசு கொடுத்து வாங்கித் தின்பார்கள். ஒரே தொந்தரவு, மழை ஈரத்தில் அந்தச் சக்கரங்கள் அடிவாரத்துச் செம்மண்ணை உழுதுவிட்டுப் போகும். காய்ந்ததும் வரிவரியாக மண் கெட்டித்து நிற்கும். அதில் தலைச்சுமையோடு கால் வைத்து என் நாத்தனார் ஒரு மாசம் நொண்டினாள்.

அதற்கு முந்தைய வருஷம் கார்த்திகையில், தூறல் போட்டுக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சைக்கிளில் வந்த ஒருவர் மேலே பாசி படிந்த பாறையில் சறுக்கிக் காலை உடைத்துக்கொண்டார். முப்பது வயசு இருக்கும். ஏறும்போதே என் வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார்.

"சார், அந்தாண்ட பாசி கீது. மழ வுட்டப்பறம் போங்க."

அவர் கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனாராம். அரை மணி நேரம் கழித்துக் கூச்சல் கேட்டது. எங்கள் ஊர் ஆம்பளைகள் ஆறு பேர் கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கொட்டுகிற மழையில் அவரைக் கட்டிலில் படுக்கவைத்து, ஒருத்தருக்கும் கால் வழுக்காமல் இறக்கிக் கொண்டுவந்து ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். பாவம், அவரும் நல்ல மனுஷன்தான். கட்டு பிரித்த பிறகு ஒரு பெட்டி இனிப்பு அனுப்பினார். ஆனால் யாரோ எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. மலையைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகம் விழித்துக்கொண்டது. எந்த அலுவலகம் என்று பெயர் சொல்லி எழுத எனக்கு இஷ்டமில்லை. அடுத்த ஐப்பசி பிறந்ததும் அடிவாரத்தில் இரண்டு பெரிய பாறைகளுக்கு நடுவில் ஒரு இரும்பு கேட்டும், பூட்டும், பலகையும் வந்துவிட்டன.

வழுக்கி விழுந்தவர் ஒருத்தர். தூக்கி இறக்கியவர்கள் ஆறு பேர். பூட்டு அந்த ஆறு பேருக்கும் அவர்கள் பெண்டு பிள்ளைகளுக்கும். இதை எங்கே போய்ச் சொல்லி அழுவது?

ஈரம் என்றால் என்ன என்று எங்களுக்கா சொல்லித்தர வேண்டும்? மழை நின்று அரை மணி நேரத்தில் பாறையில் ஓடுகிற தண்ணீர் வடிந்துவிடும். வலது ஓரமாக வெள்ளைக்கல் ஓடியிருக்கிற இடம் சொரசொரப்பானது, கால் பிடிக்கும். அந்த இடம் வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். இடது பக்கம் பாசி. பனிக்காலத்திலும் விடியற்காலையில் அது வழவழவென்றுதான் இருக்கும், வெயில் ஏறினால் சரியாகிவிடும். இடி இடித்தால் யாரும் கால் வைக்கமாட்டோம். நடக்கப் பழகின பிள்ளைக்கே எங்கள் ஊரில் இது தெரியும். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தப் பாறையில் உள்ளூர் ஆள் ஒருத்தர் விழுந்து நான் பார்த்ததில்லை. தரைப்பாலத்தில் அப்படிச் சொல்ல முடியாது. அந்த ஓடை மாட்டை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது, வண்டியை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. அந்தப் பலகையிலோ, பொடி எழுத்தில், "உள்ளூர் மக்கள் மாற்றுப் பாதையாகத் தரைப்பாலச் சாலையைப் பயன்படுத்தவும்" என்று எழுதியிருந்தது. பாதுகாப்புக்காக!

கேட்டுக்கு ஒரு காவலாளும் போட்டார்கள். வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன். கட்டில் தூக்கிய ஆறு பேரில் ஒருத்தர். தினக்கூலி வேலை. முதல் நாள் காக்கிச் சட்டையோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து நான் கேட்டேன்.

"இன்னா கொழுந்தனாரே, நம்ம வழிக்கு நீயே பூட்டு போட்டுக்கினு உக்காந்துகிறியே?"

"நான் இன்னா பண்ணுவேன் அண்ணி? நான் வேணாம்னா வேற ஊர் ஆள போடுவாங்க. அவன் ஒங்கள நிக்கக்கூட வுடமாட்டான்" என்றார். அவர் சொன்னதும் நியாயமாகத்தான் இருந்தது, அதனால் என் கோபம் போக இடமில்லாமல் எனக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

என் பெண்ணுக்கு ஆவணியிலேயே காய்ச்சல் வந்து இரண்டு வாரம் கல்லூரி போயிற்று. இனி கொஞ்ச நாள் தவறினாலும் வருகைக் குறைவு என்று பரீட்சை எழுத விடமாட்டார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறின முதல் ஆள் அவள்தான். ஐப்பசி முழுக்க விடியற்காலை நாலரைக்கே எழுந்து, ஆறரைக்கெல்லாம் நானும் அவளும் சுற்றுவழியில் நடந்தோம். மழை இல்லாத நாளில் பஸ்ஸைப் பிடித்தோம். மழை பெய்த நாளில் ஓடைக்கு இந்தப் பக்கம் நின்று தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தோம். அப்படித் திரும்பிய ஒவ்வொரு நாளும் அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு கிழித்தாள். நான் பார்க்காதபோது கிழித்ததாக அவளுக்கு நினைப்பு.

ஒரு நாள் தண்ணீர் முட்டிக்கு மேல் ஓடியது. "வாம்மா, தாண்டிடலாம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள். நடுவில் போனபோது என் கால் தரையில் இல்லை. அந்தப் பக்கம் நின்ற ஒரு டிராக்டர்க்காரர் கயிற்றை வீசாவிட்டால் இதை எழுத நான் இருந்திருக்கமாட்டேன். கரையேறி, நனைந்த புடவையோடு உட்கார்ந்து பார்த்தால் எதிரே எங்கள் மலை தெரிகிறது. மழை விட்டு, வெயில் பட்டு, பாறை காய்ந்து பளிச்சென்று இருக்கிறது. எனக்கு வாயில் வந்த வார்த்தைகளை என் பெண் அதற்கு முன் என்னிடமிருந்து கேட்டதில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் என் வீட்டுக்காரர் சொன்னார்.

"ஒரு வருசம் போனா போவுது, வுடு. உசுரு முக்கியமா படிப்பு முக்கியமா?"

"ரெண்டும்தான் முக்கியம். ரெண்டும் கெடைக்கிற வழி அதோ கீது. அத்த பூட்டி வெச்சிட்டு இன்னா கேள்வி கேக்கற நீ?" என்று நான் கத்தினேன். அவர் பூட்டவில்லை என்பது எனக்கும் தெரியும். கத்த வேறு ஆள் கிடைக்கவில்லை.

மறுநாள் கடையில் உட்கார்ந்து மனு அடித்தேன். ஊரார் மனுவெல்லாம் அடிப்பதுதான் என் பிழைப்பு. பட்டா மாற்றம், முதியோர் பென்ஷன், வாரிசு சான்று, எதற்கு எப்படி எழுத வேண்டும் என்று எனக்கு அத்துப்படி. "மேற்கண்ட பாதையை ஊர்ப் பொதுமக்கள் அன்றாடம் பயன்படுத்தி வருவதால்" என்று தட்டச்சு செய்து, ஊரில் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி, விழுப்புரத்தில் இருக்கிற பெரிய அலுவலகத்துக்கே எடுத்துக்கொண்டு போனேன். துணைக்கு நாத்தனாரும் வந்தாள்.

அங்கே இருந்த அதிகாரி மரியாதையான மனுஷர். உட்காரச் சொன்னார், மனுவை முழுசாகப் படித்தார். பிறகு கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார்.

"அம்மா, மூடறதுக்கு முன்னாடி ஊர்ல சர்வே எடுத்துதான் மூடியிருக்கோம். உள்ளூர் மக்கள் இந்தப் பாதைய யூஸ் பண்றதில்லன்னு ரிப்போர்ட் இருக்குது. பாருங்க, முதல் பேரே..."

முதல் பெயர் என் பெயர். பக்கத்தில் கோழி கிளறின மாதிரி என் கையெழுத்து.

ஞாபகம் வந்துவிட்டது. புரட்டாசியில் ஒரு நாள் சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில் நாங்கள் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தபோது, கையில் டேப்லெட் வைத்துக்கொண்டு ஒரு பெண் வந்தது. எந்த ஊரோ, நல்ல பெண், வெயிலில் முகம் சிவந்திருந்தது. கேள்விகளைப் பாடப்புத்தகத் தமிழில் படித்தது.

"நீங்கள் மலையேற்றம் மேற்கொள்வது உண்டா?"

எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எங்கள் பக்கத்தில் விளக்கு அணைந்தது என்று சொல்லமாட்டோம், மலையேறிவிட்டது என்போம். ஆத்தா வந்து ஆடுகிறவள் கற்பூரம் காட்டி அடங்கினால் சாமி மலையேறிவிட்டது என்போம். குடத்தை இடுப்பில் வைத்தபடி நான்தான் முதலில் வாயைத் திறந்தேன்.

"மலையேற நாங்க இன்னா சாமியாம்மா? இல்ல வெளக்கா?"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டே "இல்லை" என்பதைத் தொட்டது.

"சைக்கிளில் இந்தப் பாதையில் செல்வது உண்டா?"

"பாற மேல யார்னா சைக்கிள் வுடுவாங்களா? எங்களுக்கு இன்னா பைத்தியமா?" என்றாள் நாத்தனார். இல்லை.

"பருவமழைக் காலத்தில் பாதை மூடப்பட்டால் உங்கள் பொழுதுபோக்கு பாதிக்கப்படுமா?"

"பொழுதுபோக்கா? எங்களுக்குப் பொழுதே பத்தல, இதுல போக்கறது வேறயா?" இதுவும் நான்தான். இல்லை. பிறகு கண்ணாடி மேல் விரலால் ஒரு கையெழுத்துப் போடச் சொன்னது. போட்டுவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்று காலைகூட அதே பாறை மேல் ஏறி இறங்கித்தான் வேலைக்குப் போயிருந்தேன். நாங்கள் மலையேறுவதாக எங்களுக்கே தெரியாது. நாங்கள் குறுக்கால போகிறவர்கள்.

ஊருக்கெல்லாம் "படிச்சுப் பாக்காம கையெழுத்துப் போடாதீங்க" என்று புத்தி சொல்கிறவள் நான். கடைக்கு வருகிற ஒருத்தரையும் அதைச் சொல்லாமல் அனுப்பியதில்லை. அந்த அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாமா என்று இருந்தது. கூடவே இன்னொரு கோபமும் வந்தது, அதை இப்போதும் நான் விடுவதாக இல்லை. காலையில் பஸ்ஸுக்கு எந்த வழியாகப் போகிறீர்கள் என்று ஒரு கேள்வி கேட்டிருக்கக் கூடாதா? பிள்ளைகள் எந்த வழியாகப் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்று கேட்டிருக்கக் கூடாதா? பொழுதுபோக்கு உள்ளவர்களை மனதில் வைத்துக் கேள்வி எழுதிவிட்டு, எங்களிடம் வந்து அதைப் படித்தால் நாங்கள் என்ன பதில் சொல்வோம்?

இதையே அதிகாரியிடமும் கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போயிற்று. அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "சீசன் முடிஞ்சதும் ரிவ்யூ பண்ணலாம்மா. மார்கழி கழிஞ்சு தை வரட்டும்" என்றார்.

"பரீட்ச கார்த்திகையில வருதுங்க."

"அது எங்க கையில இல்லையேம்மா" என்றார். அவர் பொய் சொல்லவில்லை.

எப்படியோ வருகை தப்பித்தது. கல்லூரி வாசல் பலகையில் ஒட்டிய குறைவுப் பட்டியலில் என் பெண்ணின் பெயர் இல்லை. அன்று அவள் வீட்டுக்கு வந்ததும் நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டாள். இனி பரீட்சை அன்றைக்குப் போய்ச் சேர்ந்தால் போதும்.

முதல் பரீட்சைக்கு முந்தின நாள் பகலும் ராத்திரியும் மழை. பரீட்சை அன்று காலையில் என் வீட்டுக்காரர் ஓடை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பாலத்தின் மேல் இடுப்பளவு தண்ணீர். வந்தவர் வாசலில் நின்று ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டே, உசுரா படிப்பா என்று பேசினதையெல்லாம் மறந்தவராக, "குறுக்கால இட்டுக்கினு போ. ஜல்தியா கெளம்பு" என்றார்.

மழை விட்டு முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. கேட்டுக்குப் போனோம். கொழுந்தனார் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். என் பெண்ணின் கையில் ஹால் டிக்கெட்டையும் பிளாஸ்டிக் கவரில் சுற்றிய பேனாவையும் பார்த்தார்.

"சித்தப்பா, இன்னிக்கு மொத பேப்பர்" என்றாள் அவள்.

அவர் பூட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "அண்ணி, இன்னிக்கு ஜீப் வரும்னு சொல்லிகீறாங்க. தொறந்தேன்னா என் வேல பூடும்" என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. பிறகு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு, "நான் அந்தாண்ட டீ குடிக்கப் போறேன். எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று நடந்தார். கேட்டுக்கு இடது பக்கம் பாறைக்கும் வேலிக்கும் நடுவில் ஒரு ஆள் நுழைகிற சந்து இருந்தது. கேட்டைப் போட்டவர்களுக்குத்தான் அது தெரியாது; கொழுந்தனார் வேலைக்குக் கேடு வரும் என்றுதான் அதுவரை நாங்கள் அதில் நுழையவில்லை.

ஏறினோம். வெள்ளைக்கல் வந்ததும் செருப்பைக் கழற்றினோம். பாறை வடிந்திருந்தது. அவள் முன்னால், நான் பின்னால். வழியெல்லாம் அவள் எதையோ முணுமுணுத்து மனப்பாடம் செய்துகொண்டே வந்தாள். ஒரு இடத்திலும் கால் இடறவில்லை. எட்டேகால் பஸ் எட்டு இருபதுக்கு வந்தது. அவளை ஏற்றிவிட்டு, பஸ் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் நின்றேன். அன்றைக்கு நான் கடைக்கு லீவு சொல்லியிருந்தேன், மனசு பதறியதால் வேலை ஓடாது என்று தெரியும். வந்த வழியே திரும்பினேன்.

அதற்குள் ஓடையில் தண்ணீர் கொஞ்சம் இறங்கியிருக்க வேண்டும், கேட்டுக்குப் பக்கத்தில் சக்கரமெல்லாம் நனைந்து ஜீப் நின்றிருந்தது. கொழுந்தனார் தலை குனிந்து ஓரமாக நின்றார். காக்கியில் இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"யார் உள்ள வுட்டது?"

"யாரும் வுடல. சந்துல பூந்து போனேன். காவல்காரர் டீ குடிக்கப் போய்க்கினு இருந்தப்போ" என்றேன். அவரைக் காட்டிக்கொடுக்க நான் தயாராக இல்லை.

ஜீப்பில் ஏற்றி, மரக்காணம் ரோட்டில் இருக்கிற சின்ன அலுவலகத்துக்குக் கொண்டுபோனார்கள். அபராதம் கட்ட வேண்டும். கட்டுகிறேன் என்றேன். அந்தக் காக்கிக்காரர் ஒரு தாளை எடுத்து நிரப்ப ஆரம்பித்தார்.

"எந்த குரூப்பும்மா? குழு பேரு?"

எங்கள் ஊரில் குழு என்றால் மகளிர் குழு ஒன்றுதான், மாசம் ரெண்டாம் செவ்வாய் கூடுகிற குழு. யோசிக்காமல் அதன் பெயரைச் சொல்லிவிட்டேன். அவரும் எழுதிவிட்டார். பிறகுதான் அவர் கேட்டது மலையேறும் குழுவை என்று எனக்கு உறைத்தது. மறுபடியும் அதே கதை!

"அத்த அடிங்க சார்" என்றேன். "அது லோன் குழு. மலையேறற குழு இல்ல."

அவர் அலுத்துக்கொண்டே அடித்தார். அடுத்த கட்டம், நோக்கம். மூன்று பெட்டிகள்: மலையேற்றம், சைக்கிள், புகைப்படம். அவர் மலையேற்றத்தில் டிக் போட்டுவிட்டுத் தாளை என் பக்கம் நகர்த்தினார். நான் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் இரண்டு தரம் படித்தேன்.

"இதுல கையெழுத்துப் போடமாட்டேன்."

"அபராதம் கட்றேன்னு சொன்னீங்களே?"

"கட்றேன். நான் மலையேறப் போவல. எம் பொண்ண பரீட்சைக்கு பஸ் ஏத்தப் போனேன். அத்த எழுதுங்க."

"அதுக்குக் கட்டம் இல்லம்மா."

"கட்டம் இல்லன்னா ஓரத்துல எழுதுங்க. எடம் கீது."

"பேஜாரு பண்ணாதீங்கம்மா. எல்லாருக்கும் ஒரே ஃபாரம்தான்."

"ஒரே ஃபாரத்தாலதான சார் எங்க வழி மூடிக் கெடக்குது?"

அவர் எழுந்து போனார், வந்தார், யாருக்கோ போன் செய்தார். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கத்தவில்லை. கத்துகிற கட்டம் தாண்டியிருந்தது. அந்தத் தாள் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். நாளைக்கு ஒரு கம்ப்யூட்டரில் ஏறி, தடையை மீறிப் பொழுது போக்கினவர்கள் எத்தனை பேர் என்று ஒரு கணக்கில் என்னையும் சேர்த்துக்கொள்ளும். ஒரு தடவை மலையேறாதவள் என்று எழுதி வழியை அடைத்தார்கள், இப்போது மலையேறினவள் என்று எழுதிக் காசு வாங்குகிறார்கள். இரண்டிலும் நான் இல்லை. நடுவில், தினம் பஸ்ஸுக்குப் போகிற ஒருத்தி இருக்கிறாளே, அவளை எந்தத் தாளிலும் காணோம். அவளை எழுதாமல் நான் அந்த இடத்தை விட்டு நகர்வதாக இல்லை.

மத்தியானம் ஒன்றரைக்கு என் போன் அடித்தது. கல்லூரி வாசலில் யாரிடமோ போன் வாங்கி என் பெண் பேசினாள்.

"எழுதிட்டேம்மா. எல்லாம் தெரிஞ்ச கேள்வி. நீ எங்க கீற?"

"இங்கதான் கீறேன். சாப்ட்டு வா. ஓடையில தண்ணி எறங்கிட்டு இருக்கும், அப்பா வந்து இட்டுக்கினு போவாரு" என்றேன்.

போனை வைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாளை இழுத்து, டிக்கை அடித்தார். ஓரத்தில் நெருக்கி நெருக்கி எழுதினார்: "மகளைக் கல்லூரித் தேர்வுக்குப் பேருந்து ஏற்றச் சென்றது. உள்ளூர்வாசி. வழக்கமாகச் செல்லும் வழி என்கிறார்."

'என்கிறார்' என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன், பேனாவால், முழுப் பெயரும். பணத்தைக் கட்டினேன். ரசீதைக் கிழித்துக் கொடுத்தார்.

"இனிமே அந்த வழியா போவாதீங்கம்மா. மழை சீசன் முடியற வரைக்கும்."

"வெள்ளிக்கிழம ரெண்டாவது பேப்பர் இருக்குதுங்க. அப்பறம் இன்னும் மூணு கீது" என்றேன். "ஓரத்துல எழுத எடம் கம்மியா கீது. அடுத்த தபா ஃபாரம் அடிக்கறப்போ, அந்தக் கட்டத்தையும் போட்டுடச் சொல்லுங்க."